வாகலேயா, ங்வேச்சியா, பாக்கெட் விதையா?

"பருத்திக்காட்டை உழுமுன்னே பொம்மனுக்கு ஏழு முழம், திம்மனுக்கு எட்டு முழம்" என்று எங்கள் அப்பத்தா சொல்லும். விதை வாங்கப் போகும்போதே ஏக்கருக்கு இத்தனை வீசை என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். பர்மாவில் அலன்மியோ என்ற ஊரில், பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் பல வருஷம் கணக்கெழுதியவன் நான். காட்டில் பிறந்த பெருமை எல்லாம் மில் வாசல் தராசில் எப்படி இளைத்துப்போகும் என்று பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் மூன்று பேர். அலன்மியோ பக்கம் 6 ஏக்கர் கரிசல் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒரு தம்பி. கிணறு கிடையாது, மழையை நம்பித்தான். பெகுவில் காலமெல்லாம் நெல் போட்டுவிட்டு மெய்த்திலாவில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்த ஒரு மாமா. அவருக்கு ஏரிப் பாசனம் கிடைக்கிறது. மூன்றாவது மண்டலேயில் மெத்தை, தலையணை வியாபாரம் பார்க்கும் ஒரு அக்கா. மூவரும் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் பருத்தி நல்ல பருத்தி? மூவருக்கும் ஒரே பதில் இல்லை.

பர்மியில் பருத்திக்கு 'வா' என்று பெயர். 'வா' என்று கூப்பிட்டதும் வந்துவிடுகிற பயிர் இல்லை இது.

முதலில் எதை வைத்து எடை போடுவது

மகசூல் என்று விதைக்காரர் சொல்வது கொட்டையோடு சேர்ந்த பருத்தியின் எடை. நூற்பாலைக்குத் தேவை பஞ்சு மட்டும். 100 வீசை பருத்தியை அரைத்தால் 34 வீசை பஞ்சும் வரலாம், 39 வீசையும் வரலாம். அது ரகத்தைப் பொறுத்தது. இதை அரவைத் திறன் என்பார்கள். ஆகவே இரண்டு ரகத்தை ஒப்பிடும்போது ஏக்கருக்கு எத்தனை வீசை பஞ்சு என்று கேளுங்கள். (ஆங்கிலேயர் இங்கே 'விஸ்' என்று எழுதிவைத்தது நம் வீசையைத்தான். பர்மியர் 'பெய்த்தா' என்பார்கள். ஆனால் இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, தமிழ்நாட்டில் நம் ஊரில் தாத்தா நிறுத்த வீசை அதைவிடக் குறைவு. ஊர்க்காரர் சொல்லும் பழைய மகசூல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

இழையில் பார்க்கவேண்டியது மூன்று: நீளம், பருமன், வலிமை. நீளம் 20 மி.மீட்டருக்குக் கீழே இருந்தால் குட்டை இழை. 27 மி.மீட்டரைத் தாண்டினால் நீள இழை, 32-ஐத் தாண்டினால் மிக நீள இழை. பருமனை மைக்ரோனேர் என்ற எண்ணால் சொல்வார்கள். 3.5 முதல் 4.9 வரை ஆலைகள் ஒத்துக்கொள்ளும், 3.7 முதல் 4.2 வரை இருந்தால் சந்தோஷமாக வாங்கும். 3.5-க்குக் கீழே போனால் இழை முற்றவில்லை என்று பொருள். சாயம் சரியாகப் பிடிக்காது, நூலில் முடிச்சு விழும். 5-க்கு மேல் போனால் முரடு. வலிமை எண் 28-க்கு மேல் இருந்தால் வேகமான எந்திரத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீளத்தைப் பெரும்பாலும் விதைதான் தீர்மானிக்கும். மைக்ரோனேர் அப்படி இல்லை; கடைசி மாதத்தில் தண்ணீர் எப்படி, இலை விழுந்ததா, எப்போது பறித்தீர்கள் என்பதெல்லாம் அதில் சேரும். நல்ல ரகத்தைப் போட்டு, காய் முற்றும் நேரத்தில் காயவிட்டால் இழை கெட்டுப்போகும். விதைமேல் பழி போட முடியாது.

அப்புறம், யாரும் சொல்லாத அளவுகோல் ஒன்று உண்டு: உங்கள் ஊர் மில்லில் தரம் பார்த்துக் காசு கொடுக்கிறார்களா? எங்கள் மில் வாசலில் கருவி எதுவும் கிடையாது. வாங்குகிறவர் ஒரு சிட்டிகை பஞ்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்ப்பார். நீளமா, குட்டையா, கறை உண்டா, ஈரம் உண்டா, இவ்வளவுதான். 28 மி.மீட்டருக்கும் 30 மி.மீட்டருக்கும் அவர் விலையில் வித்தியாசம் காட்டியதை நான் பார்த்ததில்லை. அளந்து வாங்காத இடத்தில் அளவுக்கு மீறிய தரத்துக்காக நீங்கள் செலவு செய்தால் அது தானம்.

ஒரே பார்வையில் (பி.டி. என்பது புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு சேர்த்த பருத்தி)

| | வாகலே (நாட்டு ரகம்) | லுன்ஜோ போன்ற பழைய நீள இழை | ங்வேச்சி 6 (பி.டி.) | கலப்பினப் பாக்கெட் |
|---|---|---|---|---|
| இழை | குட்டை, முரடு | நீளம் | நீளம் | நீளம் |
| வறட்சி | நன்றாகத் தாங்கும் | சுமார் | சுமார் | தாங்காது, தண்ணீர் கேட்கும் |
| காய்ப்புழு | ஓரளவு சமாளிக்கும் | மருந்து அடித்தே ஆகவேண்டும் | பச்சைப்புழு குறைவு | பி.டி.யா என்று கேட்டு வாங்கவேண்டும் |
| சாறு உறிஞ்சும் பூச்சி | பெரிய தொல்லை இல்லை | உண்டு | உண்டு | அதிகம் |
| காய் | சின்னது | நடுத்தரம் | நடுத்தரம் | பெரியது |
| விதை எடுத்து வைக்கலாமா | தாராளமாக | கலப்பு இல்லாமல் பார்த்தால் | பார்த்துக்கொண்டால் சில வருஷம் | கூடாது |

அட்டவணை பார்க்க அழகாக இருக்கும். பிரச்சினை எல்லாம் அதற்கு வெளியேதான்.

வாகலே: ஏழைப் பருத்தி என்று ஒதுக்கவேண்டாம்

'வாகலே' என்றால் சின்னப் பருத்தி. 'வாஜீ' என்று பெரிய பருத்தியும் உண்டு. அது வயலில் கிடக்கும் காலம் அதிகம். இவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து வந்ததுதான் மாலைங் 5/6 என்ற ரகம். எல்லாமே ஆசியாவின் பழைய நாட்டுப் பருத்தி இனம். ஊரில் கோவில்பட்டிக் கரிசலில் தாத்தாமார் போட்ட கருங்கண்ணியும் இதே இனம்தான். அதனால் நம் ஆட்களுக்கு இந்தச் செடி புதிதில்லை, பெயர்தான் புதிது.

இதன் பலம் ஆணிவேர். மேல் பர்மாவின் வறண்ட நடுப்பகுதியில் பல இடங்களில் வருஷத்துக்கு 1000 மி.மீ. மழை கூடக் கிடையாது. கிடைப்பதும் இரண்டு தவணையாக வரும்: மே, ஜூனில் கொஞ்சம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மீதி. நடுவே ஜூலையில் காற்று மட்டும் வீசும். அந்த ஜூலையை வாகலே தலை குனிந்து தாண்டிவிடும். மழை திரும்பியதும் மறுபடி பூக்கும். தத்துப்பூச்சியும் அசுவினியும் வந்தாலும் செடி படுத்துவிடாது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நீள இழை ரகங்களைப் பாழாக்கிய இலைச்சுருட்டை வைரஸ் இந்த இனத்தைத் தொடுவதில்லை. மருந்துச் செலவு என்ற வரி உங்கள் நோட்டில் ஏறக்குறைய காலியாக இருக்கும்.

மறைவான செலவு பறிப்பில். நாட்டுக் காய் ஒன்றில் சுமார் 2.5 கிராம் பருத்தி என்று வையுங்கள். ஒரு வீசை சேர 650 காய் பறிக்கவேண்டும். நீள இழைக் காய் 5 கிராம் என்றால் 325 காயில் வீசை வந்துவிடும். ஆள் கூலி நாள் கணக்கில் கொடுத்தால் இந்த வித்தியாசம் உங்கள் தலையில். இன்னொன்று, வெடித்த காயில் பருத்தி ஒட்டிக்கொண்டு நிற்காது. இரண்டு நாள் தாமதித்தால் மண்ணில் விழுந்து கிடக்கும். சருகும் தூசியும் ஒட்டும். வாகலே போட்டவர்களுக்கு அக்டோபருக்குப் பிறகு ஊருக்குப் போகிற யோசனை கூடாது.

இதை வாங்குவது யார்? மெல்லிய நூலுக்கு இது உதவாது. ஆனால் மெத்தை, தலையணை, தடித்த போர்வை, மருத்துவப் பஞ்சு எல்லாவற்றுக்கும் முரட்டு இழைதான் வேண்டும். நீள இழை மெத்தையில் சீக்கிரம் அமுங்கிப்போகும்; முரட்டு இழை துள்ளிக்கொண்டு நிற்கும். பக்கோக்கு போர்வைக்குப் பெயர் போன ஊர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரர்கள் போருக்கு முன்னால் பர்மாவின் இந்த முரட்டுப் பஞ்சைக் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாகலேயைத் தனியாகக் கணக்குப் பார்ப்பதும் தப்பு. இதன் வரிசைகளுக்கு நடுவே துவரை போடுவது இங்கே வழக்கம். ஆண்டுக்கு 1 லட்சம் டன் துவரையும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் இங்கிருந்து வாங்கிக்கொள்ள இந்தியா 2021-இல் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டதை ரங்கூனில் பருப்புத் தரகு பார்க்கும் நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். பருத்தி கைவிட்ட வருஷத்திலும் துவரை குத்தகைப் பணத்தைக் கட்டிவிடும். அடர்ந்து படரும் நீள இழைச் செடியோடு துவரை இவ்வளவு சௌகரியமாக ஒத்துப்போகாது.

ங்வேச்சி 6: எல்லோரும் போடுகிறார்கள், அதுதான் சிக்கல்

ங்வே என்றால் வெள்ளி, ச்சி என்றால் நூல். வெள்ளிநூல் ஆறாம் நம்பர். 2006 வாக்கில் வயலுக்கு வந்து, 2010-இல் முறையாகப் பதிவான பி.டி. ரகம் இது. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு செடியிலேயே இருப்பதால், இலையையோ காயையோ கடித்த பச்சைக் காய்ப்புழு செத்துவிடும். அதற்கு முன் நீள இழை போட்டவர்களுக்கு அந்தப் புழுதான் எமன். பருவத்துக்குப் பல தடவை மருந்து அடித்தும் காப்பாற்ற முடியாமல் காட்டை அப்படியே விட்டவர்களை எனக்குத் தெரியும். ங்வேச்சி 6 வந்ததும் சில வருஷங்களிலேயே நீள இழைக் காடுகளில் பெரும்பகுதி அதற்கு மாறிவிட்டது. அது கலப்பினம் இல்லை என்பதால் விதையை எடுத்து வைத்து மறுவருஷம் போடலாம். இந்தியாவில் பி.டி. என்றால் வருஷா வருஷம் பாக்கெட்; இங்கே அந்தத் தொல்லை இல்லாமல் போனது பெரிய விஷயம்.

சரி, சிக்கல் எங்கே? அந்த விதையில்தான். எடுத்து வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, வியாபாரி மூட்டையில் கலந்து, மில்லில் நாலு பேர் பருத்தியைச் சேர்த்து அரைத்து வந்த கொட்டையையும் விதை என்று விற்று, இன்று 'ங்வேச்சி 6' என்று எழுதிய சாக்கில் என்ன இருக்கிறது என்று சாக்குக்கே தெரியாது. 2016-இல் என் மச்சான் காட்டுக்கு ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். முளைத்தது, வளர்ந்தது, பூக்கும்போது பார்த்தால் ஒரே வரிசையில் மூன்று விதச் செடி. சிலவற்றில் புழு, பக்கத்துச் செடியில் இல்லை. திரும்பக் கேட்கப் போனால், "மழை சரியில்லை" என்றார். மழைக்கும் இலை வடிவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்படிக் கலந்த காடு மகசூலை மட்டும் கெடுப்பதில்லை. புழு ஒரு செடியில் தின்று பெரிதாகி, அடுத்த பி.டி. செடிக்கு வந்து கொஞ்சம் தின்றும் பிழைத்துக்கொள்ளும். விஷத்துக்குப் பழகிய புழு பெருக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இந்தியாவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் ஒரு பி.டி. மரபணுவை வென்று, பிறகு இரண்டு மரபணு சேர்ந்ததையும் வென்றது. அந்தப் புழு கடைசிக் காய்களுக்குள் புகுந்துகொள்ளும். வெளியே துளை கூடத் தெரியாது. வெடிக்கும்போதுதான் கறை படிந்த, பாதி திறந்த கொட்டுப் பருத்தியாக வரும். 100, 120 நாளுக்குமேல் செடியில் பி.டி. வீரியம் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னும் பத்துக் காய் வரும் என்று ஜனவரி தாண்டிச் செடியை வைத்திருப்பவர், அடுத்த பருவத்துப் புழுவுக்குச் சோறு போடுகிறார்.

பி.டி. போட்டால் மருந்தே வேண்டாம் என்று நினைப்பதும் நஷ்டம். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன், மாவுப்பூச்சி எதையும் அது தொடாது. புழுவுக்கு அடித்த மருந்தில் முன்பு இவையும் சேர்ந்து செத்தன. அந்த மருந்தை நிறுத்தியதும் இவை தலை தூக்கின. மருந்துச் செலவு குறையும், மறையாது.

ஆக, இந்த ரகம் யாருக்கு? ஒரு தடவையாவது நம்பகமான அரசுப் பண்ணை விதை கிடைக்கிறவருக்கு, பூக்கும் காலத்தில் இரண்டு மூன்று நனைப்புக் கொடுக்க முடிகிறவருக்கு, நீள இழைக்குத் தனி விலை தரும் மில் பக்கத்தில் இருப்பவருக்கு. இந்த மூன்றும் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பழைய நீள இழை

மண்டலேக்குத் தெற்கே சௌசே பக்கம் உள்ள லுன்ஜோ பண்ணையின் பெயரில் வந்த ரகங்கள் இவை. லுன்ஜோ 3 ஒரு காலத்தில் எல்லோர் காட்டிலும் இருந்தது. இழை நல்ல இழை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பச்சைப்புழுவுக்கு எதிராக அதற்குள் ஒன்றும் கிடையாது. இன்று அதைத் தேடிப் போடவேண்டிய காரணம் ஒன்றுதான்: ங்வேச்சி 6 காட்டின் ஓரத்தில் ஐந்து வரிசை புகலிடப் பயிராகப் போட்டால், விஷத்துக்குப் பழகாத புழுக்களும் கொஞ்சம் பிழைத்திருக்கும், பழகிய புழு அவற்றோடு சேர்ந்து பழக்கம் நீர்த்துப்போகும். அந்த வரிசைகளின் விதையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். தேனீ இரண்டையும் கலந்துவிடும்.

வாகலே பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். நாட்டு இனத்துக்கு 26 குரோமோசோம், நீள இழை இனத்துக்கு 52. இரண்டும் கலந்து விதை பிடிப்பது லேசில் நடக்காது.

கலப்பினப் பாக்கெட்

பெரிய காய், ஒரே சீராக வெடிப்பு, படத்தில் இருப்பதுபோலவே செடி. தண்ணீரும் உரமும் தட்டில்லாமல் கிடைத்தால் இந்த நாலில் மகசூலில் இதை ஜெயிக்க முடியாது. இந்தியாவில் 1970-இல் சூரத்தில் வெளியான ஹைப்ரிட்-4 தான் உலகில் வணிகமாகப் போட்ட முதல் கலப்பினப் பருத்தி. அதிலிருந்து இந்த வழி தொடங்கியது.

ஆனால் வாங்குமுன் மூன்று கேள்வி. முதலாவது, அடுத்த வருஷமும் பாக்கெட் வாங்கப் பணம் இருக்கிறதா? எடுத்து வைத்த விதை இரண்டாம் தலைமுறையில் குட்டையும் நெட்டையுமாகப் பிரிந்துவிடும். இரண்டாவது, உர விலை ஏறினால் பாதி உரம் போட்டு இதை ஓட்ட முடியாது. பாதி உரத்தில் இது வாகலேயிடம் தோற்கவும் கூடும். மூன்றாவது, பாக்கெட்டில் எழுதியிருப்பது உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? எல்லை தாண்டி வரும் பாக்கெட்டில் காலாவதித் தேதி எது, விலை எது என்று தெரியாமல் வாங்கியவர்கள் உண்டு.

ஊரிலிருந்து சுவின் கொண்டுவரலாமா?

இதையும் ஒருவர் கேட்டார். வேண்டாம். 1974-இல் கோயம்புத்தூரில் சுஜாதா என்ற பருத்தி ரகத்தையும் கரீபியத் தீவுப் பருத்தி ஒன்றையும் கலந்து உருவாக்கிய சுவின் மிக நீள இழை. இழை பட்டுப்போல இருக்கும். ஆனால் வயலில் ஆறு மாதம் கேட்கும், 100 வீசைக்கு 30 வீசை பஞ்சு தருவதே அதிகம், இங்கே அதற்கென்று விலை வைக்க ஒரு மில்லும் கிடையாது. சூட்கேஸில் விதை கொண்டுவருவது 1993-ஆம் வருஷத்துப் பயிர்த் தனிமைப்படுத்தல் சட்டத்தில் குற்றமும்கூட. மாவுப்பூச்சியும் உங்களோடு விமானம் ஏறும்.

ஒரு கணக்கு

கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். உங்கள் காட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் வாகலே 250 வீசை, அரவை 39 சதவீதம்: பஞ்சு 97.5 வீசை. ங்வேச்சி 6 ஒரு நல்ல வருஷத்தில் 500 வீசை, அரவை 36 சதவீதம்: பஞ்சு 180 வீசை. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது ஜூலை காய்ந்த வருஷத்தைப் பாருங்கள். வாகலே 200-க்கு இறங்கும், பஞ்சு 78. தண்ணீர் இல்லாத ங்வேச்சி 220-க்கு விழுந்தால் பஞ்சு 79. உரமும் மருந்தும் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வாகலேக்காரர் துவரையும் வைத்திருக்கிறார். வித்தியாசம் ரகத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

மில்லுக்குப் போகும் வழியையும் கணக்கில் சேருங்கள். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மேல் பர்மாவில் எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கும் என்று சொல்ல முடிவதில்லை. பருத்தி மூன்று மாதம் வீட்டிலேயே கிடக்கலாம். காயவைக்காமல் அடைத்த மூட்டை சூடேறி மஞ்சளாகும். அப்புறம் நீள இழையும் குட்டை இழை விலைக்குத்தான் போகும்.

அந்த மூவருக்கு

மெய்த்திலா மாமா: ங்வேச்சி 6. ஏரித்தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் வுந்துவினில் லுங்கி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள், நீள இழைக்கு ஆள் உண்டு. ஆனால் நெல்லுக்குக் கட்டுவதுபோலத் தண்ணீர் கட்டாதீர்கள், மாமா. இளஞ்செடி நின்ற தண்ணீரில் மஞ்சளாகிப் போகும். மே, ஜூனில் விதைத்தால் மழை ஓய்ந்தபின் காய் வெடிக்கும். பாசனம் இருக்கிறதே என்று மாசி, பங்குனியில் போட்டால் வெடிக்கும் நேரமும் மழையும் ஒன்றாக வந்து பஞ்சு கறைபடும் ஆபத்து உண்டு.

மண்டலே அக்கா: வாகலேதான், அதுவும் வரிசைக்கு நடுவே துவரை போடும் ஆட்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். விலையைப் பறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கீழே விழுந்ததைத் தனி மூட்டையாகக் கேளுங்கள்.

அலன்மியோ தம்பிக்கு: 4 ஏக்கர் வாகலே, துவரையோடு. மண்ணில் ஈரம் தங்கும், ஆனால் தண்ணீர் தேங்காத 2 ஏக்கரில் மட்டும் ங்வேச்சி 6. விதை வாங்கியதும் நூறு கொட்டையை எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வை. ஒரு வாரத்தில் எண்பதுக்குக் கீழே முளைத்தால் திருப்பிக் கொடுத்துவிடு. நல்லதாக இருந்தால் சாணிப்பாலில் புரட்டிப் போடு, கொட்டை ஒன்றோடொன்று ஒட்டாது. பறிக்கும்போது இரண்டு ரகத்துக்கும் வேறு வேறு நிறச் சாக்கு வாங்கிக்கொள். ஒரு கூடை வாகலே விழுந்த நீள இழை மூட்டையை மில்காரர் விரலால் இழுத்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். மொத்தத்துக்கும் குட்டை இழை விலைதான் எழுதுவார். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.